சன்னக் குரலில் வந்த அளவுகள்

ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தபோதுதான், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரோடு பேச இன்டர்நெட் போன் வந்தது. எங்கள் முதலாளி எதிலும் முதல் தரம் கேட்பவர். போனிலும் உயர்ந்த தரக் குரலையே வைக்கச் சொன்னார். எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாக வரும். நாலு வார்த்தையில் அறுந்துபோகும். உடனே நாங்கள் கத்துவோம். கத்தினால் லைன் அகலமாகும் என்று நினைப்பு.

அன்று சாம்பிள் சட்டைக்கான அளவுத் திருத்தங்களை பையர் போனில் சொல்ல வேண்டும். அவர் எங்கோ பயணம் கிளம்பிக்கொண்டிருந்தார். மெயில் எழுத நேரமில்லை. கட்டிங் மேசையில் துணி விரித்துக் கிடந்தது. அன்றே வெட்டாவிட்டால் கப்பல் தவறும், ஆர்டர் போகும், என் வேலையும் போகும். முதல் அழைப்பில் கழுத்தளவு மட்டும் வந்தது. இரண்டாவதில் ஒன்றுமே வரவில்லை. அதே இன்டர்நெட் லைனில், சட்டையில் அச்சடிக்க வேண்டிய பிரிண்டிங் படமும் போய்க்கொண்டிருந்தது. அதுவும் அவருக்குத்தான், நிறுத்த வழியில்லை.

ஆபீஸில் கம்ப்யூட்டர் சிஸ்டம் பார்த்த பெண் திருநெல்வேலிப் பக்கம். நிட்டிங் யூனிட்டில் டைப் அடிக்க வந்து, மற்றதெல்லாம் தானே கற்றுக்கொண்டவள். அவள் வந்து குரலின் தரத்தை இறக்கிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வர்றதையும் கெடுக்கப் போறியா?”

“ஏசாதீங்கக்கா. இருக்கிற நூல்ல கனமா ஓட்டுனா பாதியில தீந்துரும். சன்னமா ஓட்டுனா கடைசி வரைக்கும் துணி வரும். படமும் போவுதுல்லா, மிச்சத்துக்குத் தக்கனதான் குரல ஓட்டணும்.”

பனியன் ஊரிலேயே வேலை பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவள் மேல் பொறாமையாகவும் இருந்தது.

மூன்றாம் அழைப்பில் பையர் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினார். தோள், அக்குள், கை நீளம், அடிமடிப்பு எல்லாம் வரிசையாக வந்தன. முதன்முறையாகக் கத்தாமல் பேசினேன்.

பக்கத்தில் நின்று கேட்ட முதலாளி முகம் சுளித்தார். “ஏனுங்கம்மா, அவரு குரலு இப்படி நோஞ்சானாட்ட இருக்குதுங்களே?”

அளவுத் தாளை நீட்டினேன். ஒரு கட்டமும் காலியில்லை. அதைப் பிடுங்கிக்கொண்டு அவரே கட்டிங் பக்கம் ஓடினார்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத நான் அவளிடம் போய், “அப்ப ஏசுனது...” என்று இழுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். கண் திரையிலேயே இருந்தது. கீழே கட்டிங் மெஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான் திரும்பினாள்.

“படமும் போயிட்டுக்கா. இனி ஏசணும்னா ஏசுங்க.”