தனி ஆளாகத் தீயணைக்கும் விளையாட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் எனக்குத் தீயணைப்பு வேலை. அடையாள அட்டையில் ஃபயர்மேன் என்று போட்டிருக்கும். கேன்டீனில் எங்களுக்கு வைத்திருந்த பெயர் தண்டச்சோறு. மற்றவர்களுக்கு ஏதாவது செய்தால் சம்பளம், எங்களுக்கு எதுவும் நடக்காமல் இருந்தால் சம்பளம். இந்தக் கணக்கு யாருக்கும் பிடிபடவில்லை. ஒருமுறை பள்ளிப்பட்டிலிருந்து என் அண்ணன் வந்து எனக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார். பெண்ணின் அப்பா காபியை ஆற்றிக்கொண்டே, "உங்க கம்பெனில கடைசியா எப்போ நைனா தீப்புடிச்சிது?" என்று கேட்டார். நான் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றுமில்லை என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போ உனுக்கு வேலையே இல்லன்னு சொல்லு" என்றார். அடிக்கடி பிடிக்கும் என்று சொல்லியிருந்தால் உயிருக்கு ஆபத்தான வேலை என்று மறுத்திருப்பார். பஜ்ஜியைத் தின்றுவிட்டு வந்து சேர்ந்தோம்.

பகல் ஷிஃப்டில் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேர் ஏன் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். தண்ணீர் முழு வேகத்தில் வரும்போது ஹோஸ் முன்னால் பிடித்திருப்பவனைப் பின்னுக்குத் தள்ளும். கையை விட்டுவிட்டால் துள்ளி அடித்து ஆளைச் சாய்த்துவிடும். அதனால் ஒருவன் முன்னால் முனையைப் பிடிப்பான். இன்னொருவன் அவன் முதுகில் தோளை முட்டுக்கொடுத்து, ஹோஸை இடுப்போடு சேர்த்து அணைத்து நிற்பான். முன்னால் நிற்பவன் தீயை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவே கூடாது. பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பின்னால் இருப்பவன்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பின்னால் நின்றவர் பழவேற்காட்டுக்காரர், மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. என் வயதுதான். வாய் ஓயாத மனிதர். வாரப் பயிற்சியில் ஹோஸைப் பிடித்துக்கொண்டே, காலையில் ஏரியில் இறால் என்ன விலைக்குப் போனது, மச்சினன் கல்யாணத்தில் பிரியாணி எப்படிக் குழைந்தது என்று என் பிடரியில் மூச்சுப் பட ஒப்பித்துக்கொண்டிருப்பார். நான் ஓர் அடி எடுத்து வைக்கத் தயங்கினால் போதும், "பின்னாடி கீறேன்பா, நீ போ" என்பார். வாரத்துக்கு ஒருமுறை கேட்ட அந்தச் சொல் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்கு வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இதே வேலை கிடைத்தது. போகும்போது எனக்கு ஒரு கைலி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். நான் வாடகைக்கு இருந்த அறையில் பேச ஆளில்லை. கம்பெனியிலும் இல்லாமல் போனது. சில நாள் காலையில் கேட்டில் செக்யூரிட்டியிடம் "வணக்கம்" என்று சொன்னதோடு என் பேச்சு முடிந்துவிடும். அதற்கும் அவர் தலையைத்தான் ஆட்டுவார். சிவப்பு பக்கெட்டுகளில் மணலை நிரவிவிட்டு உட்கார்ந்திருப்பேன். ரயில் சத்தம் கேட்டால் அது சென்னைக்குப் போகிறதா சூலூர்ப்பேட்டைக்குப் போகிறதா என்று யோசிப்பேன். அதிலும் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் பாதுகாப்பு அதிகாரி ஒரு சிடியோடு வந்தார். திருநின்றவூரில் பிளாட் வாங்கிக் குடியேறியவர், நிறையப் படித்தவர், எதற்கும் ஒரு புதுவழி வைத்திருப்பவர். அவர் மகன் விளையாடித் தள்ளிவிட்ட கம்ப்யூட்டர் விளையாட்டு அது. தீயணைப்பு வீரனாக நாமே கட்டடத்துக்குள் போக வேண்டும். தன் அறைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்.

"பாத்தியா? ஒத்த ஆளு. மூணு மாடித் தீ. எப்டி அணைக்கிறான் பாரு" என்றார்.

"விளையாட்டுதானே சார்" என்றேன்.

"சிமுலேஷன்யா. ஃபாரின்ல இத வச்சித்தான் டிரெய்னிங்கே. எல்லா டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கும் இத வச்சி சொல்லிக் குடுத்துட்டா, ரெண்டாவது ஃபயர்மேன் போஸ்டே தேவையில்ல. நீ ஆடிப் பாரு. ஆயுத பூஜை முடிஞ்சதும் மீட்டிங் இருக்கு. இதுல இன்னா நல்லாகீது, இன்னா நல்லால்லன்னு மேனேஜர்கிட்ட நீயே சொல்லு."

ஆக, அந்த விளையாட்டு நன்று என்று நான் சொன்னால் என் பின்னால் நிற்க இனி ஆள் வராது. நன்றில்லை என்று சொன்னால் ஒருவேளை வரலாம். கழுத்தை நீட்டச் சொல்லிக் கத்தியையும் நம் கையிலேயே கொடுக்கிற ஏற்பாடு. குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற கறுவலோடுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கெட்ட நேரம், விளையாட்டு நன்றாக இருந்தது.

புகையை அவ்வளவு சரியாகச் செய்திருந்தான் அந்தப் புண்ணியவான். கூரையில் தொடங்கி மெல்லக் கீழே இறங்கும். குனிந்து போனால் வழி தெரியும், நிமிர்ந்தால் திரை கறுத்துவிடும். மூடிய கதவை அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே அடங்கிக் கிடக்கும் நெருப்பு காற்றைக் குடித்து வெளியே பாயும். கரண்டை நிறுத்தாமல் தண்ணீர் அடித்தால் ஆட்டம் முடிந்தது. எண்ணெயில் தண்ணீர் அடித்தால் தீ தரையெல்லாம் ஓடும். அணைந்துவிட்டது என்று முதுகைக் காட்டினால் மூலையில் கிடக்கும் கங்கு மறுபடி பற்றும். இந்த ஒன்றுக்காகவே அதைச் செய்தவனுக்கு மாலை போடலாம். எங்கள் ஆட்களுக்கு நான் தொண்டை வற்றச் சொல்லியும் ஏறாத விஷயம் அது.

குறைக்கும் பஞ்சமில்லை. அதில் தண்ணீர் தீர்வதே இல்லை. எங்கள் தொட்டியை அந்த ஆள் வந்து பார்க்க வேண்டும். ஹோஸுக்கு எடை கிடையாது. ஓடிப் போய் வால்வைத் திறந்துவிட்டுத் திரும்ப ஓடி வந்து முனையைப் பிடிக்கும் பாடு கிடையாது, ஒரு பட்டனைத் தட்டினால் நீர் வரும். வேர்வை இல்லை. பிளாஸ்டிக் எரியும்போது தொண்டையில் ஊசியாய் இறங்கும் அந்த நெடி இல்லை. மரப்படிக்கட்டும் தரைவிரிப்புமாக வீடுகள். நமக்கு எரிவது தகரக் கொட்டகையும் அட்டைப்பெட்டியும். வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லை. தீ என்றால் பாதி ஊர் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் என்பது அந்த நாட்டுக்காரனுக்குத் தெரியாது போலிருக்கிறது. காப்பாற்றப்பட வேண்டிய ஆட்கள் எல்லோருக்கும் ஒரே முகம். தூக்கி வந்து வெளியே விட்டால் ஒரே குரலில் நன்றி சொல்வார்கள்.

ஆனால் அந்த நன்றிக்காக நான் திரும்பத் திரும்பத் தூக்கினேன். உள்ளதைச் சொல்கிறேன். ஆட்டம் தொடங்கும்போது திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். மீண்டும் வருக, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று அர்த்தம். எனக்காக ஒருவரும் எங்கும் காத்திருக்கவில்லை. மாலையில் அதிகாரி பஸ் ஏறிய பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியைப் பார்க்கும்போது நெஞ்சு லேசாக இளகும். சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மாலை நேரத்தை என்ன செய்வது என்று பயமாகக்கூட இருந்தது. என் ஆளை விழுங்க வந்த விளையாட்டின் மேல் எனக்கே ஆசை வந்துவிட்டது. இதை யாரிடம் சொல்லி அழுவது?

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அது திருவிழா. மெஷின்களை நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பெண்டு பிள்ளைகளையெல்லாம் அழைத்து வருவார்கள். ஒவ்வொரு டிபார்ட்மென்டும் தன் கருவிகளைப் பூஜைக்கு வைக்கும். அந்த வருடம் அதிகாரிக்கு ஒரு யோசனை. தீயணைக்கும் சிலிண்டர்களும் ஆயுதம்தானே, எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் வரிசையாக நிறுத்தி மாலை போட்டால் போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்றார்.

"சார், ஒவ்வொரு எடத்துலயும் ஒண்ணாவது இருக்கட்டும்" என்றேன்.

"மெஷினே ஓடல. எங்கய்யா தீப்புடிக்கும்? சாமி காரியத்துல பேஜாரு பண்ணாத" என்றார்.

சிலிண்டர்கள் போயின. ஹோஸ்களில் மட்டும் பழையது இரண்டைக் கொடுத்துவிட்டு, நல்லவற்றை அதனதன் பெட்டியிலேயே விட்டுவைத்தேன்.

பூஜை முடிந்ததும் திருஷ்டிப் பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி, அதை அதிகாரியே கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு டிபார்ட்மென்டாகச் சுற்றி வந்தார். பேக்கிங் கோடவுனுக்குள்ளும் போய் வந்தார். கேட்டுக்கு வெளியே பூசணிக்காய் உடைந்தது. எல்லோரும் பொரிகடலைப் பொட்டலத்தோடு நிழல் தேடி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோடவுன் ஜன்னலில் புகை தெரிந்தது. கற்பூரத் துண்டு ஒன்று வழியில் அட்டைக்குப்பையில் விழுந்திருக்க வேண்டும்.

பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் கோடவுன் சுவருக்கு ஓடினார்கள். அங்கே வெறும் கொக்கிதான் இருந்தது. அங்கிருந்து ஆபீஸ் வாசலுக்கு ஓடி, ஆளுக்கொரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் பிடுங்க வேண்டிய ஊசி தெரியாமல் பூச்சரம் இறுக்கிச் சுற்றியிருந்தது. அவசரத்தில் அதைப் பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார்கள். அதற்குள் அட்டைப்பெட்டிகள் கூரை உயரத்துக்குப் பிடித்துவிட்டன. பிள்ளைகள் அலறின. பாதிப் பேர் ஓடினார்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

நான் ஹோஸை மாட்டி இழுத்துக்கொண்டு கோடவுன் வாசலுக்குப் போனேன். முனையைப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் வால்வத் தொறங்கபா!" என்று கத்தினேன். யாரோ திறந்தார்கள். ஹோஸ் புடைத்து உயிர் வந்து என்னைப் பின்னால் உந்தியது. கால் வழுக்கியது. விழப்போகிறேன் என்று தெரிந்த அந்த நொடியில் ஒரு தோள் வந்து என் முதுகில் முட்டியது.

பேசவில்லை. பெயர் சொல்லவில்லை. கற்றவனுமில்லை, ஹோஸை இடுப்போடு அணைக்காமல் கக்கத்தில் இடுக்கியிருந்தான் என்று இழுப்பிலேயே தெரிந்தது. ஆனால் நகரவில்லை. நான் ஓர் அடி வைத்தால் அவனும் ஓர் அடி வைத்தான். உள்ளே போனோம். கூரைத் தகரம் படபடத்தது. அவன் இருமல் என் தோள்பட்டையில் அதிர்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பயத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகைபோல ஒரு சந்தோஷம் வந்தது என்றால் யார் நம்புவார்கள்? தீ அடங்கி, மூலைக் கங்கெல்லாம் நனைந்து, தண்ணீர் நின்ற பிறகு திரும்பினேன். பின்னால் ஒருவருமில்லை. ஹோஸ்தான் தொய்ந்து கிடந்தது. வாசலில் கூட்டம் கைதட்டியது.

மறுநாள் கேன்டீனில், என் பின்னால் பிடித்தது யார் என்று எல்லோரையும் கேட்டேன். புகையில் யாரையும் பார்க்கவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். பிறகுதான் மண்டையில் உறைத்தது. பூஜைக்கு நிரந்தர ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களைக் கூப்பிடவில்லை. சுமை ஏற்றுகிற சிலருக்கு மட்டும் கோடவுன் பக்கம் வேலை கொடுத்திருந்தார்கள். வந்தவன் அவர்களில் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

மீட்டிங்கில் மேனேஜர், அதிகாரி, டிபார்ட்மென்ட் தலைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பூசணிக்காயைச் சுமந்தது யார் என்று அந்த அறையில் அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விளையாட்டின் நிறை குறையைக் கேட்டபோது நிறையை நேர்மையாகச் சொன்னேன். குறைக்கு வந்தபோது, ஹோஸைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும் என்பது அதில் இல்லை என்றேன். அதைச் சொல்லத்தான் அத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உன் பின்னாடி யாரோ புடிச்சான்னு கேன்டீன்ல விசாரிச்சியாமே. யாரு அவன்? அந்நேரத்துக்குக் கோடவுனாண்ட எவன் இருந்தானோ அவன்தான் பீடி கீடி புடிச்சிப் பத்த வச்சிருப்பான். ஆளு தெரிஞ்சா இன்னிக்கே கணக்கத் தீத்து அனுப்பிடலாம்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஆமாம், ஒருவன் இருந்தான் என்று சொன்னால் எனக்கு இரண்டாவது ஆள் கிடைப்பான். என் பின்னால் நின்றவனுக்கு வேலை போகும்.

"யாரும் இல்ல சார்" என்றேன். "நான் ஒண்டியாத்தான் அணைச்சேன்."

மேனேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார். ஒருவர் சால்வை போர்த்தினார். "நான் சொல்லல? கேம்ல வர்ற மாதிரியே பண்ணிட்டாரு" என்று அதிகாரி சிரித்தார். இரண்டாவது ஃபயர்மேன் வேலை வேண்டாம் என்று அங்கேயே முடிவானது.

சாயங்காலம் கேட்டருகில் நின்றேன். கான்ட்ராக்ட் ஆட்கள் பையைத் திறந்து காட்டிவிட்டு ஒவ்வொருவராக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் இருமினான். அவன்தான் என்று தோன்றியது, ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதிகாரி பஸ்ஸில் ஏறாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.