வில்லாபுரம் தெருவில் முதல் அமர்வு

நல்லகாமன் திருப்பரங்குன்றத்தில் ரேடியோ செட் வாடகைக்கு விடுபவர். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, ஒரு மினிவேனும் சில ஒலிபெருக்கிப் பெட்டிகளும் கூம்புக் குழாய்களும் வாங்கித் தொழில் தொடங்கினார். காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல், துக்க வீடு என்று எங்கே செட் கட்டினாலும் நேரத்துக்கு வருவார், குடித்துவிட்டு வரமாட்டார் என்ற பெயர் அவருக்கு உண்டு. வேனின் இரு பக்கமும் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்.

சென்ற ஆண்டு வைகாசியில் அவருக்கு அழுகை வரத் தொடங்கியது. முதல் முறை ஒரு வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. கண்ணில் தூசி என்று கீழே நின்றவர்களிடம் சொன்னார். பிறகு வண்டி ஓட்டும்போதும், குளிக்கும்போதும், ஒருமுறை டீக்கடையில் சில்லறைக்காகக் காத்து நின்றபோதும் வந்தது. வீட்டில் சாவில்லை. தொழிலில் நட்டமில்லை. மனைவி பாண்டீஸ்வரியோடு சண்டையும் இல்லை. அவருடைய வெட்கம் முழுவதும் இதில்தான் இருந்தது. காரணத்தோடு அழுகிற ஆணை ஊர் மன்னிக்கும். காரணமில்லாமல் அழுகிறவனுக்கு என்ன பெயர் வைக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெயரை மற்றவர்களுக்கு வைத்தவர்களோடு சேர்ந்து அவரே சிரித்திருக்கிறார்.

கோரிப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஆயிஷா சித்திகா என்ற மனநல ஆலோசகர் இருக்கிறார் என்பதைக் கைபேசியில் தேடிக் கண்டுபிடித்தார். அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அந்தப் பக்கத்தில் நல்லகாமனுக்குப் பங்காளியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை என்பதுதான். நேரில் சென்றால் வாசலில் நிற்கும் வேன் காட்டிக்கொடுத்துவிடும். எனவே வீடியோ வழியாகப் பேசுவதாகப் பதிவுசெய்தார்.

அமர்வுக்கு அவர் குறித்த நேரம் தொழில் தெரிந்தவரின் கணக்கு. அன்று வில்லாபுரத்தில் ஒரு காதுகுத்து. குழந்தையின் தாய் பாண்டீஸ்வரிக்குச் சித்தி மகள். தாய்மாமன் கொட்டு மேளத்தோடு சீர் கொண்டுவரும்போது ரேடியோ செட் ஓடக் கூடாது. மேளக்காரர்களுக்குக் கொடுக்கும் மரியாதை அது. சீர் வந்து இறங்கிச் சபையில் பரப்பி முடியும்வரை செட்காரருக்கு வேலை இல்லை. அந்த இடைவெளியில் வேனில் அமர்ந்து பேசிவிடலாம் என்று திட்டமிட்டார்.

தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டதும் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். பந்தலுக்குப் பின்னால் இருந்த வேனுக்குள் ஏறிக் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றினார். பாட்டு அந்தக் கைபேசியிலிருந்துதான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. அவர் பாட்டை நிறுத்தினாரே ஒழிய, புளூடூத் இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரையும் அணைக்கவில்லை.

திரையில் ஆயிஷா சித்திகாவின் முகம் தோன்றியது. உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து ஒலியை முழு அளவுக்கு ஏற்றினார். அப்போதும் கேட்கவில்லை. படித்த பெண் பேசும்போது குறுக்கிடக் கூடாதென்று மரியாதைக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

பந்தல் வாசலில் அதே நேரம் மேளம் நின்றிருந்தது. பாண்டீஸ்வரி ஆரத்தித் தட்டோடு தாய்மாமன் அழகுராஜாவின் முன் நின்றாள். அந்த அமைதியில் எல்லாக் குழாய்களும் ஒன்றாகப் பேசின.

"வணக்கம் நல்லகாமன். நான் ஆயிஷா சித்திகா, மனநல ஆலோசகர். இப்ப தனியான இடத்துலதான இருக்கீங்க? நாம பேசுறது வேற யாருக்கும் கேக்காதுல்ல?"

தெரு குழாய்களை அண்ணாந்து பார்த்தது. வேனுக்குள் நல்லகாமன் தலையாட்டினார்.

"சரி. காரணம் தெரியாம அடிக்கடி அழுகை வருதுன்னு எழுதியிருந்தீங்க. வீட்டுல யாருக்கும் தெரியாது, மனைவிக்குக்கூட தெரியக் கூடாதுன்னும் எழுதியிருந்தீங்க. அதைப் பத்திப் பேசலாமா?"

கண்ணாடிக்கு வெளியே மங்கலாகக் கேட்ட குரலை, யாரோ மைக்கில் சீர் வாசிப்பதாக எடுத்துக்கொண்டு நல்லகாமன் அதற்கும் தலையாட்டினார். அவரிடம் வேலை செய்யும் தங்கப்பாண்டி ஓடிவந்து கண்ணாடியை அறைந்தபோதுதான் அவருக்கு விளங்கியது.

"அண்ணே! போனை ஆஃப் பண்ணுண்ணே! தெருவே கேக்குதுண்ணே!"

சிரிப்பை முதலில் தொடங்கிவைத்தவன் அழகுராஜா.

"ஏ மச்சான், எங்க அக்கா உனக்குச் சோறு போடலையா? ரேடியோ வச்சு அழுகுற?"

ஒரு பெண் குரல் தொடர்ந்தது: "ஏண்டி பாண்டி, அம்புட்டு என்னடி செஞ்ச அந்த மனுசனை?"

அந்த இடத்தில் நடந்ததை கணவனும் மனைவியும் இருவிதமாகச் சொல்கிறார்கள். மனைவி ஆரத்தித் தட்டைத் தானே இறக்கி வைத்தாள் என்கிறார் நல்லகாமன். வேறொருத்தி அதைத் தன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள் என்கிறாள் பாண்டீஸ்வரி. வாங்கியவளின் பெயரையும் சொல்கிறாள்.

நல்லகாமன் அன்று செட்டைப் பிரிக்கும்வரை வேனைவிட்டு இறங்கவில்லை. பந்திக்கு அழைக்க வந்தவர்களிடம் வயிறு சரியில்லை என்றார். தன் வெட்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்தார். அந்தத் தெரு அதை ஒரே மூச்சில் பாண்டீஸ்வரியின் தலையில் ஏற்றிவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டில் அவள் கூச்சல் போடவில்லை.

"நான் என்ன செஞ்சேன்னு சொல்லிரு. தப்புன்னா ஒத்துக்கிறேன்."

"நீ ஒண்ணும் செய்யலை."

"ஒண்ணும் செய்யாமயா எவளோ ஒரு பொம்பளைகிட்ட அழுகப் போன? என்கிட்ட சொன்னா என்ன, வாய் வெந்துருமா?"

"காரணம் இருந்தா உன்கிட்டதான புள்ள முதல்ல சொல்லியிருப்பேன். ஒண்ணுமே இல்லையே. என்னன்னு சொல்ல?"

அவள் நம்பவில்லை. அதன் பிறகு பாண்டீஸ்வரி எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம் கால்வலி என்றாள். ஆயிஷா சித்திகாவிடமிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு குரல்பதிவு வந்தது. விருப்பமிருந்தால் நேரில் வரலாம் என்றிருந்தது. நல்லகாமன் பதில் அனுப்பவில்லை. அழுகையும் நிற்கவில்லை. ஒரு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவர் நெடுநேரம் வெளியே வராதபோது பாண்டீஸ்வரி கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்:

"அந்தம்மாகிட்ட கிளம்பு. நானும் வாரேன். நான்தான் காரணம்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்."

கோரிப்பாளையத்தில் அவர் வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்தப் போனார்.

"ரேடியோ போட்டுச் சொன்னதுக்கப்புறம் எதுக்கு ஒளிஞ்சு நிக்கணும்? வாசல்லயே நிறுத்து" என்றாள்.

மருந்துக்கடையில் நின்றவர்கள் வேனில் இருந்த பெயரைப் படித்தார்கள். தலை குனிந்தபடி அவர் படியேறினார்.

மாடி அறை சிறியது. சாலையைப் பார்த்த ஒரு சன்னல், மூன்று நாற்காலிகள். பாண்டீஸ்வரி உட்காரவில்லை.

"சொல்லுங்கம்மா. நான்தான் காரணமா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் ஆயிஷா சித்திகா. "அவர் இன்னும் என்கிட்ட ஒரு வார்த்தைகூட பேசலை. அன்னைக்குத் தெருவே கேட்டது என் பேச்சைத்தான். அவர் பேச்சை இதுவரைக்கும் யாருமே கேக்கலை." பிறகு நல்லகாமனைப் பார்த்தார். "இவங்க உள்ள இருக்கலாமா, வெளிய இருக்கணுமா? நீங்க சொல்றதுதான்."

நல்லகாமன் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து அணைத்தார். அணைந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

வேப்பமரத்தில் தொடங்கினார். கயிற்றை முடிச்சுப் போடும்போது கை நின்றுபோனதையும், கீழே பந்தலில் பிள்ளைகள் விளையாடியதையும் சொன்னார். அந்த நேரத்தில் மனதில் எந்த வருத்தமும் இருக்கவில்லை என்றார். "கடன்காரன் அழுதா அதுல ஒரு நியாயம் இருக்கும்மா. எனக்கு என்ன கேடு?" அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு குரல் உடைந்து, இத்தனை மாதமாகத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் அடக்கிவைத்திருந்தது முழுச் சத்தத்தோடு வெளியே வந்தது.

திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் பாண்டீஸ்வரி அதைப் பார்த்ததில்லை. அவரைத் தொடுவதா, வேறு பக்கம் திரும்பிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. போய்ச் சாலைப் பக்கச் சன்னலைச் சாத்தினாள். கொண்டியைப் போட்டு, சன்னல் கதவை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"வெளிய கேக்காதுல்லம்மா?" என்று ஆலோசகரிடம் மெல்லக் கேட்டுவிட்டு, வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.