சாரதி இல்லாத பயணத் திட்டம்

பலேர்மோவில் எங்கள் சமையலறைச் சுவரில் மூன்று மாதமாக மேற்குப் பிரான்சின் வரைபடம் தொங்கியது. பாரிஸுக்கு எல்லோரும்தான் போகிறார்கள். நான் யாரும் போகாத இடமாகத் தேடினேன். புவாத்தூ சதுப்பு நிலத்தில் படகு. பிறகு நுவார்முத்தியே தீவுக்கு, நாளுக்கு இரண்டு முறை கடல் மூடிவிடும் தெருவில் கார். கடல் வற்றும் நேரங்களைக்கூட எழுதி ஒட்டினேன். பத்து வருடத்தில் எங்கள் முதல் பயணம். மனைவிக்குத் தளபதி போல விளக்கினேன்.

வாடகைக் காரைப் பதிவுசெய்ய உட்கார்ந்தபோது, கணினி சாரதியின் லைசென்ஸ் இலக்கத்தைக் கேட்டது. எனக்கேது லைசென்ஸ்? இத்தாலிய எழுத்துச் சோதனையில் மூன்று முறை தோற்றுவிட்டு, பஸ்தான் ஓடுகிறதே என்று விட்டவன் நான். பாரிஸில் இருக்கும் என் மச்சான் வந்து ஓட்டுவார் என்று நானாகவே முடிவெடுத்திருந்தேன். அவருக்குப் போன் எடுத்தேன்.

"எனக்கு லீவு இல்லையப்பா," என்றார்.

"எல்லாம் போச்சு," என்றேன் மனைவியிடம்.

அவள் ஈரக் கையைத் துடைத்து, பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தாள். அவள் படம் போட்ட லைசென்ஸ்.

"எப்ப எடுத்தனீர்?"

"போன வருசம். நான் வேலை செய்யிற வீட்டு அம்மா, சிஞ்ஞோராதான் கேள்வி கேட்டுப் படிப்பிச்சவ. முதல் தரமே பாஸ்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் மூண்டு தரம் பெயில். உங்கட முகத்தைப் பாத்து என்னெண்டு சொல்லுறது?"

என் தோல்விகளை ஊரெல்லாம் பகிடியாகச் சொல்லிச் சிரித்துத் திரிந்தவன் நான். அந்தப் பகிடிக்குள் இருந்த வெட்கத்தை அவள் மட்டும் கண்டு, தன் வெற்றியையே ஒளித்து வைத்திருந்தாள்.

சாரதி என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன். கடல் வற்றும் நேரம் பார்ப்பது மட்டும் இன்னும் என் பொறுப்பு.