தோளில் கிடந்த கை

அப்பா எங்களை விட்டுப் போன வருடம், குடும்பப் போட்டோவிலிருந்து அவரைக் கத்தரித்து எறிந்தாள் அம்மா. தன் தோளில் கிடந்த அவர் கையை மட்டும் விட்டுவிட்டாள். வெட்டியிருந்தால் அவள் தோளும் போயிருக்கும்.

2003இல் பெரம்பலூரில், பழைய போட்டோக்களின் மேல் பட்டுநூலால் தைத்துப் படம் செய்யும் ஒரு பெண்மணியிடம், அம்மாவுக்குத் தெரியாமல் அதை எடுத்துப் போனேன். தடித்த கண்ணாடி போட்ட ஒல்லியான மனுஷி. ஊசியால் ஒரு துளை போட்டதும், போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் போடுவார்.

"இந்தக் கைய மறைக்கணுங்க" என்றேன். யார் கை என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

"செவ்வாக்கெழம வாங்க" என்றார். அவ்வளவுதான்.

போனபோது கை இல்லை. கோயில் சிலையில் அம்மன் தோளில் இருக்குமே, அதுபோல ஒரு பச்சைக்கிளி உட்கார்ந்திருந்தது. தொங்கிய விரல்கள் அதன் வாலாகியிருந்தன. அப்பா நின்ற ஓட்டையை ஒரு பூங்கொடி நிரப்பியிருந்தது.

"யாரு கைன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"எனக்குக் கிளிதாங்க தெரிஞ்சுது."

அது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் அம்மா வெகுநேரம் அதைப் பார்த்தாள். தன் தோளை ஒருமுறை தடவிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஆணி அடிக்கணும், சுத்தியல எங்கடி வச்ச?"