எட்டுக்கு ஆறு... அந்தக் கடைசி உதை

அன்று ஊவாத் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் எட்டுப் புள்ளி, திம்புலத் துரைமார் ஆறு. பதுளைத் திடலில் இரண்டே புள்ளியில் நம் பக்கம் ஜெயித்தது.

போன வாரம் என் கடைக்கு வந்த நாலு பேர் அந்த ரக்பி ஆட்டத்தைப் பற்றிச் சிரிப்பும் பேச்சுமாக ஆரம்பித்து, சண்டையில் முடித்தார்கள். ஜெயித்துக் கொடுத்தது சின்னதுரையின் நெஞ்சா, மருதை கங்காணியின் தப்பு மேளமா? நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தவன். ஆகவே எழுதுகிறேன், நண்பர்களே.

நனைந்த புல்லின் வாடை, குதிரைச் சாணத்தின் வாடை, என் சோடாப் பெட்டிகளில் இருந்த வைக்கோலின் வாடை... அந்த மூன்றும் இன்னும் மூக்கில் இருக்கின்றன.

ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். திம்புலக்காரர்கள் அங்கிருந்து குதிரையிலும் வண்டியிலும் சேறு தெறிக்க வந்து இறங்கினார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆட்டத்தின் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. பத்து வருஷம் அடுத்தவர் கடையில் மூட்டை தூக்கிவிட்டு, அந்த மாதம்தான் வேலையை விட்டிருந்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் கோலி சோடாவாக மாறி இரண்டு மாட்டு வண்டியில் ஏறியிருந்தது. க்ளப் வாசலில் பலகை போட்டு விற்க செக்ரட்டரி துரை இடம் கொடுத்தார். கொடுக்கும்போதே தோட்டத் தமிழில் கறாராகச் சொன்னார்:

"நம்ம ஆள் ஜெயிச்சா அடுத்த வருசமும் ஆட்டம் இங்கதான். தோத்தா, சமமா போனா, அவன் ஊருக்குப் போயிரும். அப்ப ஒனக்கு இங்க எடம் இல்ல. வெளங்குதா?"

நன்றாகவே விளங்கியது. இடம் போனால் நான் பழைய முதலாளியின் வாசலில் போய்த் தலையைச் சொறிய வேண்டும்.

மருதை கங்காணி தெமோதரைப் பக்கத்துத் தோட்டம். அவருடைய சின்னதுரை, அதாவது உதவி மேனேஜர், நம் பக்கம் ஆடினார். அதனால் அரை நாள் லீவு வாங்கி, நாற்பது ஆட்களோடும் ஒரு தப்போடும் வந்திருந்தார். காலையில் ஆட்களை வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அழைப்பதும், சாயங்காலம் வேலை முடிந்தது என்று சொல்வதும் அவர் தோட்டத்தில் அந்தத் தப்புதான்.

நமது துரை ஒருவர் கைக்கு வந்த பந்தை நழுவ விட்டார். மருதையின் ஆட்களில் கொழுந்து எடுக்கும் பேச்சி சும்மா இருப்பாளா?

"கூடையில ஒரு இலை கொறஞ்சா எங்களுக்கு அரைப் பேரு, அரை நாள் கூலிதான் போடுறீங்க. முட்ட மாதிரிப் பந்தையே கீழ போட்டுட்டு நிக்கிறாரு, இவருக்கு எத்தன பேரு போடுவீங்க கங்காணி?"

"வாய மூடு புள்ள, தொர காதுல விழுந்துறப் போவுது!"

முதலில் நம் பக்கம் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தது. மூன்று புள்ளி. பிறகு கம்பத்துக்கு மேலே உதைத்ததில் இன்னும் இரண்டு. அவர்கள் ஒரு முறை தாண்டினார்கள், மூன்று. நாங்கள் மறுபடி தாண்டினோம், மூன்று. எட்டுக்கு மூன்று. இந்தக் கணக்கெல்லாம் க்ளப் வேலையாள் அப்புவிடம் ஒரு சோடா கொடுத்து முன்கூட்டியே கற்றுவைத்திருந்தேன். சனத்துக்குத் தெரிந்ததோ கோடு தாண்டுவது மட்டும்தான்.

"நாம ரெண்டு, அவனுக ஒண்ணு!" என்று ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்தான் பாக்கி. திம்புலக்காரன் ஒருவன் மூன்று பேரை உதறிக்கொண்டு, கோட்டைத் தாண்டி மூலையில் பந்தோடு விழுந்தான். நடுவர் விசில் ஊதினார். எட்டுக்கு ஆறு.

"போச்சு தம்பி... ரெண்டுக்கு ரெண்டு. சமம்," என்றார் மருதை.

"இல்லண்ணே, நாமதான் முன்னால இருக்கோம். இப்ப ஒரு உதை இருக்கு. அது கம்பத்துக்கு மேல போனாத்தான் சமம்!"

அவர் காதில் விழவில்லை. ஊதிய விசில் கடைசி விசில் என்றே நினைத்துவிட்டார்.

அந்தக் காலத்து வழக்கம் இது: ஒருவன் குப்புறப் படுத்துப் பந்தைத் தரையில் படாமல் பிடித்திருப்பான். உதைப்பவன் தயாரானதும் தரையில் வைப்பான். பந்து தரையைத் தொடும்வரை எதிர்ப்பக்கம் கோட்டை விட்டு நகரக் கூடாது. தொட்ட உடனே பாயலாம்.

சின்னதுரை முழங்காலில் ரத்தத்தோடு கோட்டில் குனிந்து நின்றார். உதைப்பவன் நிதானமாகப் பின்னால் அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தான். திடல் முழுக்க மூச்சுச் சத்தம் இல்லை. நான் ஒரு சோடாப் போத்தலின் கழுத்தை நெரித்துக்கொண்டு நின்றேன்...

"ஆட்டம் முடிஞ்சிருச்சு, அடிடா!" என்றார் மருதை, தப்புக்காரனிடம்.

டண்டணக்கென்று தப்பு முழங்கியது. படுத்திருந்தவன் துள்ளினான். பந்து தரையில் பட்டது. சின்னதுரை பாய்ந்தார். உதைக்க வேண்டியவன் பதறி ஓடிவந்து உதைத்த பந்து நேராக அவர் நெஞ்சில். "தொம்" என்ற அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அதன் பிறகுதான் கடைசி விசில்.

திம்புல கப்டன் மேளத்தைக் காட்டிக் கத்தினார். நடுவர் யோசித்தார். "பந்து தரையைத் தொட்டது, பாய்ந்தது சரி" என்று கடைசியில் அவர் சொன்னபோதுதான் கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தேன்.

மருதை அண்ணன் மட்டும் குழம்பிப்போய்க் கேட்டார்: "முடிஞ்ச ஆட்டத்துக்கு எதுக்குத் தம்பி இம்புட்டுச் சண்ட?"

என்னைக் கேட்டால், நெஞ்சு பாதி, தப்பு பாதி. தப்பு இல்லாவிட்டால் அவன் நிதானமாக உதைத்திருப்பான். நெஞ்சு இல்லாவிட்டால் அந்தப் பதறிய உதைகூட மேலே போயிருக்கும்.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. திம்புலக்காரர்கள் சட்டை கசங்காமல் இறங்குகிறார்கள். திடலைச் சுற்றிக் கயிறு. சனம் புள்ளிக் கணக்கை என்னைவிட நன்றாகச் சொல்கிறது. கடைசி உதைக்கு யாரும் சொல்லாமலே அமைதியாகிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனாலும் அந்த அமைதியில் என் காது எதையோ எதிர்பார்த்து நிற்கிறது...

அன்று செக்ரட்டரி துரை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, திம்புல கப்டனின் முன்னாலேயே பேசி முடித்த ஏற்பாடு இதுதான்: அடுத்த வருஷமும் ஆட்டம் பதுளையில். வாசல் இடம் எனக்கே. ஆடும் முப்பது பேருக்கும் சோடா என் செலவு. மருதை கங்காணியின் தப்பு, கடைசி விசில் ஊதும்வரை, என் பலகைக்கு அடியில்.