அந்தித் தேத்தண்ணியை அம்மாளுக்கு நேர்ந்தேன்

மாரியம்மாளை நம்பிக் கும்பிடும் சகோதரிகளே, என் வீட்டுக்கு வந்தது உயிரை வாங்கும் நோய் இல்லை. ஆனாலும் ஒரு தாயின் நிம்மதி போக அது போதும். என் மகள் பாக்கியத்துக்குப் பதினொரு வயதாகியும் தூக்கத்தில் படுக்கை நனைவது நிற்கவில்லை.

அது 1960ஆம் வருஷம். இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரே ஒரு காம்பிரா, அந்த ஒரு அறைதான் வீடு. பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டில் கேட்கும். அங்கே இதை எப்படி மறைப்பது? ஆடி மழைதான் எனக்குத் துணை. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு எல்லார் வாசலிலும் ஈரமாகத் தொங்கும். அதற்கு நடுவே என் மகள் படுக்கும் சாக்கையும் தொங்கவிட்டுவிடுவேன். ஊரெல்லாம் வெயிலுக்கு ஏங்கும்போது நான் மட்டும் மழை நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு சரி. ஹட்டனில் கடையில் வேலை செய்யும் என் அண்ணன் வந்து, "தை மாசம் புள்ளைய அனுப்பு தங்கச்சி. நம்ம வீட்டுல தங்கிப் படிக்கட்டும்" என்றார். கரும்பு தின்னக் கூலியா? ஆனால் வகுப்பில் முதலாவதாக வரும் பாக்கியம், "எனக்குப் படிப்பு வேணாம்மா, நானும் கொழுந்துக்கே வாறேன்" என்றாள். ஏன் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அண்ணி பாயில் ஒரு சுருக்கம் இருந்தாலே முகம் சுளிப்பவர். பிள்ளையின் படிப்பு இதனால் நின்றுவிடுமே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டினோம். பகலெல்லாம் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தோம், உதடு வெடித்ததுதான் மிச்சம். அவள் அப்பா ஒருநாள் கையை ஓங்கிவிட்டார். "தூக்கத்துல தன்னால போறதுக்கு அவ என்னாங்க செய்வா?" என்று நான் குறுக்கே போய் நின்றேன்.

ஐப்பசியில் கோயிலுக்குப் போய் அம்மாள் முன்னால் நின்றேன். எதை விடுவதாக நேர்வது? கறியை விடுகிறேன் என்றால் அம்மாளே சிரிப்பாள். அது தீபாவளிக்குத்தான் எங்கள் கண்ணில் படும். எனக்கு உயிர் என்றால் அந்தித் தேத்தண்ணிதான். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்ததும், தூளைக் கறுப்பாகக் காய்ச்சி, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிப்பேன். படுக்கும் முன் குளிருக்கு இன்னொன்று. உடம்பு சூடாகட்டும் என்று பிள்ளைக்கும் ஊற்றிக் கொடுப்பேன்.

"தாயே, என் மகள் ஹட்டனில் ஒரு கிழமை முழுக்கக் காய்ந்த பாயில் எழும்பும்வரை, பொழுது சாய்ந்தால் என் அடுப்பில் தேத்தண்ணி இல்லை" என்று கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.

"நேந்தது நீ. எனக்கு எதுக்குடி தண்டனை?" என்று அவள் அப்பா தன் தம்பி வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். பாக்கியமோ, "நீ குடிக்காதது எனக்கும் வேணாம்மா" என்றாள். தேத்தண்ணி இல்லாத அந்தி சும்மா நீண்டது. படுக்கும் முன் இரண்டு பேரும் லாந்தரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டு வருவோம். இருட்டுக்குப் பயந்து அடக்கிக்கொண்டே படுக்கிறவள், என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஒரு காலை சாக்கு காய்ந்திருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, தடவித் தடவிப் பார்த்தேன். பிறகு இடையிடையே நனைந்தது, மறுபடி காய்ந்தது. மார்கழி வருவதற்குள் நனைவதே அபூர்வமாகிவிட்டது.

சளிக்கு மருந்து வாங்கப் போனபோது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்து ஐயாவிடம் வெட்கத்தை விட்டு இதைச் சொன்னேன். அவர், "பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. ஏசாதேங்கோ, அடிக்காதேங்கோ. படுக்கேக்க தேத்தண்ணி குடிச்சால் ராவில மூத்திரம் கூடத்தானே போகும்? பகலில நல்லாத் தண்ணி குடிக்கட்டும்" என்றார். எனக்குப் புல்லரித்தது. தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தும் தேத்தண்ணியைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றியதில்லை. அதை விடச் சொல்லி என் வாயில் வைத்தவள் யார்? அம்மாள்தானே!

தை மாதம் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். அந்தக் கிழமை முழுவதும் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை ஸ்டேசனில் காத்திருந்தேன். இறங்கி வந்ததும், நான் கேட்பதற்கு முன் அவளே பையை என் கையில் தந்துவிட்டு, "அம்மா, இன்னைக்கு அந்திக்குத் தேத்தண்ணி போடு" என்றாள். ஸ்டேசன் என்றும் பாராமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்று அவளே காய்ச்சிக் கொண்டுவந்து தந்தாள். தனக்கு ஊற்றவில்லை.

அதற்குப் பிறகும் காய்ச்சல் வந்த ஒரு நாள் நனைந்தது. அண்ணி முகம் சுளிக்காமல் பாயை அலசிப் போட்டார். அதுவும் அம்மாள் செயல்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் கையை ஓங்காதீர்கள். அம்மாளிடம் விட்டுவிட்டு, அவள் காட்டுகிற வழியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள். அவள் கைவிடமாட்டாள்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள், ஹட்டனில் எஸ்.எஸ்.சி. படிக்கும் பாக்கியம்தான். "ஒம் பேரு வேணாம்டி, வேற பேரு போட்டுக்க" என்றேன். "என் பேரே இருக்கட்டும்மா" என்று எழுதிவிட்டாள்.