பின்பாட்டுக்கு வந்த இயக்குநர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.
2. எங்கள் இயக்குநர் ஒரே பிற்பகலில் வில்லிசைக் கலைஞர் ஆனார்.
3. அதனால் உண்மையான வில்லிசைக் கலைஞர் ஒருவருக்கு வேலை போனது.
4. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, பாட்டுக் கேட்க வேண்டும் என்றார்.
5. இயக்குநர் மேடையில் உட்கார்ந்தார்.

இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்குப் போகும் பெண்கள், "புரோகிராம் எழுதும்போது எதைக் கவனிக்கணும் அக்கா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய் வருவேன். அரசு மானியத்தில் நடந்த ஒரு கலை மன்றம், பெயர் வேண்டாம். கையால் எழுதிக்கொண்டிருந்த சம்பளப் பட்டியலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என் பொறுப்பு. கம்ப்யூட்டருக்கு ஆகுமென்று ஓர் அறைக்கு மட்டும் ஏ.சி. போட்டிருந்தார்கள். ஏ.சி. வந்த மறுநாளே இயக்குநர் சிதம்பரநாதன் சார் தன் மேஜையை அந்த அறைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மன்றத்தின் பெருமையே வில்லிசைக் குழுதான். அனுமதிக்கப்பட்ட இடங்கள் ஐந்து. முக்கூடல் மாடத்தி அக்கா வில்லடித்துப் பாடுவார். பிச்சையா அண்ணாச்சி குடம். உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகியவற்றுக்கு மூவர், பின்பாட்டும் அவர்கள்தான். பின்பாட்டு என்றால், மாடத்தி அக்கா ஒரு வரி சொன்னதும் "ஆமா" போட வேண்டும். "ஆமா" விழுந்தால்தான் கதை நகரும். விழாவிட்டால் அதே வரியை மறுபடியும் சொல்வார். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

இயக்குநரின் ஒரு மாதச் சம்பளத்தில் இந்த ஐந்து பேருக்கும் சம்பளம் கொடுத்து, மிச்சத்தில் மைக் செட்டும் பிடிக்கலாம். இது ரகசியம் அல்ல; எதிர் டீக்கடைக்குக்கூடத் தெரியும். கோயில் கொடைத் திருவிழாக்கள் நடக்கும் மாதங்களில் குழுவுக்கு வெளியே வரும்படி உண்டு. மற்ற மாதங்களில் மன்றச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அப்போதுதான் சுற்றறிக்கை வந்தது. மானியத்தில் பெரும்பகுதி கலைஞர்களுக்கே போய்ச் சேர வேண்டும். நிர்வாகத்தின் சம்பளம் கால் பங்கைத் தாண்டினால் மானியம் நிறுத்தப்படும்.

சார் அதை இரண்டு முறை படித்தார்.

"என்னம்மா, நம்ம நிர்வாகம் கால் பங்குக்குள்ள வருமா?"

"உங்க சம்பளம் மட்டுமே பாதிக்குக் கிட்ட வருது சார்."

"என் சம்பளத்தை விட்டுட்டுப் பாருங்க."

"விட்டா வந்துருது சார்."

"அப்போ விட்டுருவோம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "சம்பளமே வேண்டாம்ங்கிறீங்களா சார்?" என்றேன்.

"ஏம்மா, நிர்வாகத்துலேருந்துதான விடச் சொன்னேன்? தூக்கிக் கலைஞர்ல போடுங்க. கலையை வளக்குதவன் கலைஞன் இல்லையா?"

போட்டேன். என் புரோகிராமில் "கலைஞர்" என்று கொடுத்தால் அடுத்த கட்டம் "கருவி". அதைக் காலியாக விட்டு எண்டர் தட்டினால் நகராது. பீப் என்று கத்தும். நான்தான் அப்படி எழுதியிருந்தேன்.

பீப்.

"என்னங்குது?"

"என்ன வாசிப்பீங்கன்னு கேக்குது சார்."

"பொதுன்னு போடுங்க."

பீப்.

"அது ஒத்துக்காது சார். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, பின்பாட்டு. இந்த ஆறுல ஒண்ணு சொல்லணும்."

ஜன்னலுக்கு வெளியே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சார் எழுந்து போய், ஜவுளிக்கடையில் துணி பார்ப்பவரைப் போல ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு வந்தார்.

"இதுல கை வலிக்காதது எது?"

"பின்பாட்டு சார்."

"அதைப் போடுங்க."

பீப்.

"இன்னும் என்னம்மா வேணுமாம் அதுக்கு?"

"அஞ்சு இடமும் நிறைஞ்சிருக்கு சார். ஒருத்தரை எடுத்தாத்தான் உங்களைச் சேர்க்கும்."

சார் மறுபடி ஜன்னலைப் பார்த்தார். "குடம்னா பானைதான? ஒரு பானை இல்லேன்னா பாட்டு நின்னுரவா போகுது?"

மறுமாதம் முதல் பிச்சையா அண்ணாச்சிக்கு வேலை இல்லை என்று கடிதம் போயிற்று. பட்டியலில் அந்த இடத்தில் சிதம்பரநாதன் சார் வந்தார், சம்பளம் ஒரு ரூபாய் குறையாமல்.

அன்று மாலை டீக்கடை பெஞ்சில் இருந்த அண்ணாச்சியும் மாடத்தி அக்காவும் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, எனக்குப் பதிலா அவரு என்னத்த அடிக்காராம்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஒண்ணும் அடிக்கலை அண்ணாச்சி. பின்பாட்டுன்னு போட்டிருக்கு."

அக்கா குடித்துக்கொண்டிருந்த டீயைத் துப்பிவிட்டார். "ஆமா போடவா? அந்த மனுசனா? சேலைக்கு அலவன்ஸ் கேட்டேன், பாப்போம்னாரு. பஸ் காசு கேட்டேன், பாப்போம்னாரு. அவரு வாயிலேருந்து ஒரு ஆமா விழுந்து நான் பாத்ததில்ல பிள்ள."

"நீ சிரிக்கே," என்றார் அண்ணாச்சி. "எனக்குக் கொடை வாரதுக்கு இன்னும் எத்தன மாசம் கெடக்கு. அதுவரைக்கும் குடத்தை வச்சுத் தண்ணியா பிடிக்க?"

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். "இரிங்க அண்ணாச்சி. அவரு பின்பாட்டுதான? நம்ம முன்பாட்டு. பைய பாப்போம்."

சில வாரங்களில் சென்னையிலிருந்து மானியத்தைப் பரிசீலிக்க ஓர் அதிகாரி வந்தார். நல்ல மாதிரியான அம்மாள். பட்டியலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், நீங்களே குழுவுல பாடுறீங்களா? எல்லா ஊர்லயும் நிர்வாகம் தனி, கலை தனின்னு இருக்கும். நான் இதைக் கேக்காம போகமாட்டேன். சாயங்காலம் வச்சுக்கலாமா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே ஆசைப்பட்டுக் கேட்டார். அதனால்தான் சாரால் மறுக்க முடியவில்லை.

செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. மேலப்பாளையத்திலிருந்துகூட ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். சார் பட்டு ஜிப்பா போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, குடம் இருந்த இடத்தில் சம்மணம் போட்டிருந்தார். பிச்சையா அண்ணாச்சி முன்வரிசையில் இருந்தார். கை சும்மா இராமல் தன் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் மேடையோரம் மைக் அருகில்.

அன்றைய தலைப்பு மரம் வளர்ப்பு. மாடத்தி அக்கா வீசுகோலை ஓங்கி வில்லில் அடித்தார். மணிகள் குலுங்கின.

"ஒரு ஊர்லயே ஒரு ராசா இருந்தாரு!"

சார் தாமதமாக, மைக்கைப் பார்த்து, "ஆமா" என்றார். கூட்டம் கைதட்டியது. அவருக்கே பிடித்துப்போய்விட்டது போலிருந்தது, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ராசா ஒரு தோப்பு வச்சாரு!"

"ஆமா!"

"தோப்புக்குத் தண்ணி ஊத்த அஞ்சு ஆளு வச்சாரு!"

"ஆமா!"

"அஞ்சு பேரும் ஊத்துதாங்களான்னு பாக்க ஒரு மேஸ்திரி வச்சாரு!"

"ஆமா!" இந்த முறை தலையையும் ஆட்டினார்.

"அஞ்சு பேரு கூலியும் சேத்தாலும் அந்த மேஸ்திரி கூலிக்குக் காணாதாம்!"

சாரின் வாய் பாதி திறந்து நின்றது. உடுக்கைக்காரர் உடுக்கையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மற்ற இருவரும் கூரையைப் பார்த்தார்கள். அக்கா முறைப்படி காத்திருந்தார். பிறகு, முறைப்படியே, அதே வரியை மறுபடி சொன்னார்.

"என்ன ஐயா, ஆமா வரலியே?" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "கத அங்கனயே நிக்கி."

"ஆமா," என்றார் சார், சின்னக் குரலில்.

"வாளிக்காரன் ஒருத்தன வீட்டுக்குப் போலேன்னு அனுப்பிட்டு, அந்த வாளியும் என் கையிலதான் இருக்குன்னு மேஸ்திரி ராசாவுக்குச் சொல்லியனுப்பினாராம்!"

சார் அக்காவைப் பார்த்தார். அக்கா பக்தியோடு வானத்தைப் பார்த்தார். கூட்டம் மொத்தமும், பெண்கள், பிள்ளைகள், டீக்கடைக்காரர் உட்பட, ஒரே குரலில் "ஆமா" போட்டது. நான் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடிக்காவிட்டால் சிரித்து விழுந்திருப்பேன்.

"வாளி அங்கன, தண்ணி இங்கன, மரம் வாடுது ராசாவே!" என்று அக்கா முடித்தார்.

பாட்டு முடிந்து அந்த அம்மாள் மேடைக்கு வந்தார். "பின்பாட்டு எத்தனை வருஷமா சார்?"

"ஆமா," என்றார் சார்.

அம்மாள் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் திரும்பி, குழுவில் ஒருவருக்கு என்ன சம்பளம் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ சாருக்கும் அதேதானே வரணும்? ஒரே குழு, ஒரே பாட்டு."

"மேடம், நான் இயக்குநர்லா," என்றார் சார்.

"அப்போ நிர்வாகம். கால் பங்குக்குள்ள வந்துடணும். எனக்கு ரெண்டும் சம்மதம் சார். நீங்க பாடுறது எனக்குப் பிடிச்சுது. எதுன்னு சொல்லுங்க, அப்படியே எழுதிக்கறேன்."

சார் தொண்டையைச் செருமினார். ஜிப்பாவின் பொத்தானைத் திருகினார். கீழே பிச்சையா அண்ணாச்சி முழங்காலில் தாளம் போடுவதை நிறுத்தியிருந்தார்.

"தொண்டை ஒத்துழைக்க மாட்டேங்குது மேடம்," என்றார் சார். "பின்பாட்டுலேருந்து விலகிக்கிடுதேன்."

மறுநாள் காலை நான் கலைஞர் பட்டியலிலிருந்து அவரை எடுத்துவிட்டு, பிச்சையா, கருவி: குடம் என்று அடித்து எண்டர் தட்டினேன். கம்ப்யூட்டர் சத்தமே போடவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு புரோகிராமில் எந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று தீர்மானிப்பது சின்ன வேலை அல்ல. "பதவி" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் பதில் வைத்திருப்பார்கள். "நீங்கள் என்ன வாசிப்பீர்கள்" என்றும் கேளுங்கள். எந்த அலுவலகமானாலும் அதற்கு ஈடான கேள்வி ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கட்டாயக் கட்டமாக வையுங்கள்.

இன்றைய நிலை: இயக்குநராக அவரே இருக்கிறார். சம்பளம் கால் பங்குக்குள் வந்துவிட்டது. கலைஞர்களுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அப்படியும் அவர் வாங்குவது மாடத்தி அக்கா வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இன்னும் கூட்டித் தரச் சொல்லிக் குழு கேட்டிருக்கிறது. பதில் வரவில்லை.